இருபத்து மூன்று சாம்பல் புதர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை மாடி ஏறுகிறீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். மூத்தவருக்கு இருமல் நின்றதா? உங்கள் கொழுந்தன் சௌக்கியம். காலையில் ரிப்பேர் பார்க்கப் புல்டோசருக்கு அடியில் போய்ப் படுத்தால் சாயங்காலம்தான் வெளியே வருகிறார். அண்ணன் தையல் மெஷினுக்கு முன்னால், தம்பி புல்டோசருக்குக் கீழே. நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டோம் நாம் இருவரும்!

சாலைக்கு அளவெடுக்க நான் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. இந்த மலைச்சரிவில் மழை பெய்து ஏழு மாதம் ஆகிறதாம். நாங்கள் தங்கும் கொட்டகைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. புல்கூடக் கருகிவிட்டது. நேற்று அளவுக் கருவியோடு சரிவில் ஏறும்போது கால் வழுக்கி ஒரு புதரைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரம், சாம்பல் பூசிய மாதிரி இலை, கிளை கொள்ளாமல் மஞ்சள் பூ. தண்ணீரே இல்லாமல் இது எப்படிப் பூக்கிறது? புல்டோசர் ஓட்டுகிறவரிடம் கேட்டேன். "எனக்கென்ன மேடம் தெரியும்? வழியில நிக்கிற செடி, நிக்காத செடி, எனக்கு ரெண்டே ஜாதிதான்" என்றார்.

ஒரு குச்சியை நோட்டில் அழுத்திக் காயவைத்து இத்துடன் அனுப்புகிறேன். நாற்றுப் பண்ணையில் பதியன் போடுகிற உங்களுக்கே தெரியாவிட்டால் நான் வேறு யாரிடம் கேட்பது?

உங்கள் தங்கச்சி


பிப்ரவரி 18

அளவுக்காரிக்கு,

ஒன்பது முறை ஏறுகிறேன். ஒன்பது முறை இறங்குகிறேன். திருப்தியா? மூத்தவருக்கு இருமல் நின்று தும்மல் பிடித்திருக்கிறது. நீங்கள் இருவரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அடியே, உன் குச்சியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷமாக மண்ணில் கை வைக்கிறேன், இப்படி ஓர் இலை என் கையில் பட்டதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிய அலமாரி ஒன்று இருக்கிறது. மூன்று நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அடித்தட்டில் கிடைத்தது. அதே இலை, அதே பூ. அறுபத்தோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ பறித்திருக்கிறார். "வறண்ட சரிவு. அரிது" என்று இரண்டே வரி. அதற்குப் பிறகு அந்தச் செடியை யாரும் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை.

கண்காணிப்பாளரிடம் தாளையும் உன் குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரிம்மா, ஒரு பாத்தி தர்றேன். டிசம்பர் வரைக்கும் டைம். விதை எடுத்துக் காட்டுனா அந்தப் பாத்தி உங்க செடிக்கே. இல்லேன்னா பூங்காவுக்கு அலங்காரச் செடி வெக்கணும்" என்றார். விதை இருந்தால் குளிரறையில் வருஷக்கணக்கில் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் ஒரு நோய் வந்தால் எல்லாம் போய்விடும்.

எத்தனை புதர் இருக்கிறது? ஒவ்வொன்றிலும் பென்சில் கனத்தில் குச்சி வெட்டி, ஈரத்தாளில் சுற்றி அனுப்பு. ஒன்றோடு ஒன்று கலந்துவிடாதே. உன் பதில் வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் தண்ணீர் குடிக்கிறோம். நீங்கள் மதியம் சாப்பிடுங்கள்.

இருபத்து மூன்று புதர்கள். இரண்டு நாள் தேடிவிட்டேன், அந்த ஒரு சரிவைத் தவிர வேறெங்கும் இல்லை. சாலை அதற்குக் கீழே நாற்பது மீட்டர் தள்ளித்தான் போகிறது, அதனால் பயமில்லை. ஒவ்வொரு புதரிலும் எண் எழுதிய சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். இனி யாரும் தெரியாமல் மிதிக்க முடியாது. குச்சிக் கட்டுகளிலும் அதே எண். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: உயரம், அகலம், பூ எப்படி என்று.

எல்லாம் ஒரே மாதிரி இல்லை அக்கா. பதினான்கு புதர்களில் பூ கண்ணைப் பறிக்கிறது. மற்ற ஒன்பதில் இதழே சரியாக இல்லை, பச்சையாக, பொடிப்பொடியாக, நோய் வந்த மாதிரி. அந்தச் சீட்டுகளில் "பூ நோஞ்சான்" என்று எழுதிவிட்டேன். ஒரே மண், ஒரே வெயில். ஏன் இப்படி?

உங்கள் கொழுந்தன் என்னைக் கேலி செய்கிறார். "செடிக்கெல்லாம் ஜாதகம் எழுத ஆரம்பிச்சுட்டியா?" என்கிறார். இந்தச் சரிவுக்கு நான் பொறுப்பு. கவலைப்படாமல் இருங்கள்.

தங்கச்சி


ஏப்ரல் 2

என் அருமைத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அதைவிட நன்றாக இருப்பவை உன் குச்சிகள். வேர் விட்டுவிட்டன! பண்ணையில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்துப் பாத்திக்காரி வந்து, "உங்க கை ராசிக்கு விளக்குமாத்துக் குச்சியை நட்டாலும் துளிர்க்கும்" என்றாள். நான் அடக்கமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாத்தியில் இடம் குறைவு. அதனால் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, நெருக்கமில்லாமல் வைத்திருக்கிறேன். இலையெல்லாம் தளதளவென்று இருக்கின்றன.

சரிவில் காய் பிடித்திருக்கிறதா? காய் எப்படி இருக்கும் என்று தாளில் இல்லை. வட்டமா, நீளமா, வெடிக்குமா, காற்றில் பறக்குமா? இதை யோசித்தே இரண்டு நாள் போய்விட்டது. பார்த்து உடனே எழுது. கொழுந்தனுக்கு முதுகுவலி என்று மூத்தவரிடம் போனில் சொன்னாராமே, கவனி.

அக்கா


ஜூன் 12

தங்கச்சிக்கு,

ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒரு கார்டு. இரண்டுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? இல்லை, என்மேல் கோபமா? கொழுந்தன் போன் செய்தால் "அவ வேலையா இருக்கா" என்று வைத்துவிடுகிறார். வேலையில்லாமல் யார் இருக்கிறார்கள்?

செடிகள் பூத்துவிட்டன. பாத்தி முழுக்க மஞ்சள். கண்காணிப்பாளர் தன் வீட்டாரையே கூட்டிவந்து காட்டினார். ஆனால் பூ வாடுகிறது, உதிர்கிறது, காம்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தேனீ வருகிறது, போகிறது. நானே சின்ன வண்ணத்தூரிகையால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உரத்தை நிறுத்தினேன், தண்ணீரைக் குறைத்தேன். ம்ஹூம்.

அது இருக்கட்டும். அங்கே சரிவில் அந்த ஒன்பது நோஞ்சான் புதர்கள் எப்படி இருக்கின்றன? அவற்றில் ஏதாவது காய் தெரிகிறதா? சும்மாதான் கேட்கிறேன். நேரம் கிடைத்தால் ஒரு நடை போய்ப் பார். அவற்றிலிருந்து இன்னும் நாலு குச்சி அனுப்பினாலும் நல்லதுதான். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம்.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொட்டகையை இடம் மாற்றினார்கள். பழைய கல் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், எதைத் தொட்டாலும் தூசி. இவருடைய முதுகுவலி குறைந்திருக்கிறது. மழை வரும்போல மேகம் வருகிறது, அப்படியே போய்விடுகிறது. மூத்தவருக்குத் தும்மல் எப்படி?

ஒன்று கேட்கவேண்டும். நான் அனுப்பிய கட்டுகளில் 4, 9, 11, 17 எண்கள் உங்களிடம் எப்படி வளர்கின்றன? மற்ற ஐந்து நோஞ்சான்களும்? பத்திரமாக இருக்கின்றனவா? அவற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இடம் மாற்றாதீர்கள். சும்மா கேட்கிறவர் ஒரே கடிதத்தில் மூன்று தடவை கேட்க மாட்டார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நானும் சும்மா கேட்கவில்லை.

சரிவைப் பற்றி அடுத்த தடவை விவரமாக எழுதுகிறேன்.

தங்கச்சி


ஜூலை 14

தங்கச்சிக்கு,

இன்று நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நீ நன்றாக இரு.

அந்த ஒன்பது கட்டுகளையும் நான் நடவே இல்லை. சீட்டில் "பூ நோஞ்சான்" என்று பார்த்தேன், தூக்கிக் குப்பைக் குழியில் போட்டேன். இடம் குறைவு, நோயாளிச் செடி எதற்கு என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக இதைத்தானே செய்கிறேன்? நல்ல பூவை வை, மட்டத்தைக் களை. யோசிக்கக்கூட இல்லையடி, கை தானாகச் செய்தது.

போன வாரம் மூத்தவர் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பூ உதிரும் கதையைப் புலம்பினேன். "எங்கப்பா வீட்டுப் பின்னாடி ஒரு பப்பாளி வெச்சிருந்தார். வருஷம் பூரா பூக்கும், ஒரு காய் காய்க்காது. ஆம்பளப் பப்பாளின்னு வெட்டிப் போட்டார்" என்றார். எனக்குச் சுரீரென்றது. மறுநாள் பூவைப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாவற்றிலும் மகரந்தம் மட்டும். சூல்பை ஒன்றில்கூட இல்லை. என் பாத்தி முழுக்க ஆண்கள்! நீ நோஞ்சான் என்று எழுதியவைதான் பெண்கள். அறுபத்தோரு வருஷத்துக்கு முன்னால் பறித்தாரே, அவரும் அழகான கிளையைத்தான் பறித்திருக்கிறார். அதனால்தான் தாளில் காய் இல்லை.

வெளியில் சொல்லவில்லை. கை ராசிக்காரி என்று பேர் வாங்கியவள் எப்படிச் சொல்வாள்? உன்னிடம் மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அந்த ஒன்பதிலும் மறுபடி குச்சி வெட்டி அனுப்பு. என்னைத் திட்டிக்கொண்டே வெட்டு, பரவாயில்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

ஆறு வாரமாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சரிவில் ஒரு புதர்கூட இல்லை. மார்ச் இருபத்தொன்றாம் தேதியே போய்விட்டது. உங்கள் ஏப்ரல் கடிதம் வந்தபோது அங்கே வெறும் பாறைதான் இருந்தது.

நான் கட்டிய ரிப்பன்தான் காரணம். எங்கள் வேலையில் சிவப்பு ரிப்பன் கட்டினால் "இதை எடுத்துவிடு" என்று அர்த்தம். பதினொரு வருஷமாக நானே கட்டிக் கொடுக்கிறேன், மரத்தில், கம்பத்தில், பழைய வேலியில். அன்று பையில் இருந்தது அந்த ரிப்பன், கை போய் எடுத்தது, கட்டியது. எண் எழுதவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. புல்டோசர்காரர் கீழேயிருந்து பார்த்திருக்கிறார். சாலைக்கு வெளியே நாற்பது மீட்டர் மேலே இருந்தாலும், மேடம் கட்டியிருக்கிறார்களே என்று சிரமப்பட்டு ஏறிப்போய் மேல்மண்ணோடு வழித்து எடுத்துவிட்டார். சாயங்காலம் என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே, "இருபத்து மூணும் முடிஞ்சுது மேடம். ஒண்ணுகூட விடல, எண்ணிப் பார்த்துக்குங்க" என்றார். அவர்மேல் என்ன தப்பு?

உங்களிடம் அந்த ஒன்பது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இத்தனை மாதம் சொல்லாமல் இருந்தேன். அறுபது வருஷம் யார் கண்ணிலும் படாமல் பிழைத்த செடி. என் கண்ணில் பட்டு ஆறு வாரத்தில் செத்துவிட்டது. இவர் "தெரிஞ்சா செஞ்சே?" என்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

தங்கச்சி


செப்டம்பர் 8

அடி என் தங்கமே,

முதலில் சாப்பிடு. தூங்கு. பிறகு இதைப் படி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, மூத்தவர் பயந்துபோனார். ஒரே செடியை இரண்டு ஊரில் இரண்டு பேர், அவரவர் வேலையில் கைதேர்ந்தவர்கள், ஒரே மாதத்தில் ஒழித்துக்கட்டியிருக்கிறோம். இதைவிடச் சுத்தமாக எதிரிகூடச் செய்திருக்க மாட்டான். உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. செடிக்காக இல்லை, ஐந்து மாதம் தனியாக இதைச் சுமந்தாயே, அதற்காக.

இப்போது எனக்கு ஒரே ஒரு கேள்வி. மேல்மண்ணோடு வழித்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த மண் எங்கே போனது? பெண் புதர்கள் அங்கேயே இருந்திருக்கின்றன, வருஷா வருஷம் விதை விழுந்திருக்கும். வறண்ட நிலத்துச் செடியின் விதை சட்டென்று முளைக்காது, நல்ல மழை வரும்வரை மண்ணுக்குள் கிடக்கும். இது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீ ஒரு கூடை மண்ணைக்கூடக் கணக்கில்லாமல் விடமாட்டாய். பார்த்துச் சொல்லு.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் உடம்பும் நலமா? நான்கு மாதம் நான் ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். உங்களுக்கு மறுபடி ஒரு பொய்யான நம்பிக்கையைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே மண் வெட்டிய நோட்டைப் புரட்டினேன். எங்கே வெட்டினோம், எங்கே கொட்டினோம் என்று ஒவ்வொரு லாரிக்கும் எழுதியிருக்கும். அந்தச் சரிவு மண் ஆறு லாரி. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் கரை உயர்த்தக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு மாதம் தினமும் போய் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்டோபரில் இரண்டு நாள் மழை பெய்தது. பன்னிரண்டாம் நாள் சாம்பல் நிறத்தில் இரண்டு இலை தெரிந்தது. இன்று காலை முப்பத்தெட்டு செடி இருக்கிறது. சாலை வேலை மேற்பார்வையாளரிடம் பேசி, அந்தக் கரையில் வேலை கிடையாது என்று எழுதி வாங்கிவிட்டேன். புல்டோசர்காரரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். மனுஷர் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆணா பெண்ணா என்று பூத்தால்தானே தெரியும்? அதற்குத்தான் காத்திருந்தேன். நேற்று ஒரு செடி பூத்துவிட்டது. விரல் உயரம்தான். இதழ் இல்லாத, பச்சையான, பொடிப்பூ. ஐந்து மொட்டு, இரண்டு விரிந்திருக்கிறது. நோஞ்சான் அக்கா, நோஞ்சான்! நடுரோட்டில் நின்று கத்தினேன்.

மற்ற முப்பத்தேழும் மொட்டே விடவில்லை. பக்கத்தில் ஆண் இல்லை. உங்கள் ஆண்கள் இருக்கிறார்களா? பாத்தி என்ன ஆனது?

தங்கச்சி


பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, பிழைத்துக்கொள்.

பாத்தி டிசம்பரோடு போய்விட்டது. கண்காணிப்பாளரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், குப்பைக் குழி உட்பட. சொன்ன பிறகு மனது லேசானது. "ரூல்னா ரூல்தாம்மா" என்றார். ஆனால் செடிகளை எடுத்துப்போக அனுமதித்தார். முப்பதைப் பழைய டப்பாக்களில் வைத்து எங்கள் மொட்டைமாடியில் நிறுத்தியிருக்கிறேன். மூத்தவர் துணி உலர்த்த இடமில்லை என்று முணுமுணுக்கிறார். முந்தாநாள் பார்த்தால், அவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு செடி பூத்திருக்கிறது. இந்தக் கடிதத்துக்குள் இன்னொரு கவர், அதற்குள் மடித்த வெள்ளைத்தாள். அதில் மஞ்சளாகத் தெரிவதுதான் மகரந்தம். வாசலில் நின்று பிரிக்காதே, காற்று கொண்டுபோய்விடும். செடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பிரி. மெல்லிய தூரிகை எடு. இல்லாவிட்டால் உன் தலைமுடியில் நாலைந்து சேர்த்துக் கட்டிக்கொள். பூவின் நடுவில் பசையாக இருக்கும் இடத்தில் தொட்டு வை, தேய்க்காதே. வெயில் ஏறுவதற்கு முன் செய். மறுநாளும் செய்.

நீதான் செய்யவேண்டும். உன் கை நடுங்காது, எனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மூத்தவரும் சுகமாக இருக்கவேண்டும். நாங்கள் சுகமாக இருக்கிறோம், இன்று ரொம்பவே.

கடிதம் வந்த மறுநாள் காலை கரைக்குப் போனோம். நல்ல காற்று. இவர் தார்ப்பாயைப் பிடித்துப் பார்த்தார், படபடவென்று அடித்தது. புல்டோசர்காரர் வண்டியைக் கொண்டுவந்து காற்று வரும் பக்கமாகக் குறுக்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தாளைப் பிரித்தேன். தூரிகைக்கு என் தலைமுடிதான் அக்கா, நாலைந்து சேர்த்துக் கட்டினேன். ஐந்து பூவுக்கும் வைத்தேன். மறுநாளும் வைத்தேன்.

இரண்டு பூ அந்த வாரமே விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. உங்களுக்கு என்னவென்று எழுதுவது என்று யோசித்துக்கொண்டே தினமும் போய்வந்தேன். ஐந்தாவது விழவில்லை. அடியில் மிளகு அளவுக்குப் பச்சையாக ஒன்று தடித்திருக்கிறது. நேற்று இருந்ததைவிட இன்று பெரிது. அளந்தேன், ஆமாம். இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

வட்டமா நீளமா என்று போன வருஷம் கேட்டீர்கள். இப்போதைக்கு வட்டம். எப்போது முற்றும், என்ன நிறமாக மாறும், வெடிக்குமா, காற்றில் பறக்குமா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த அலமாரியிலும் இல்லை. கடைசிவரை பார்த்து எழுதி வைத்தவர் இதுவரை யாரும் இல்லை. லீவு போட்டுவிட்டு வாருங்கள் அக்கா, நாம் பார்ப்போம்.

உங்கள் தங்கச்சி